முதலில் பஞ்சர் ஒட்டுங்கள், அப்புறம் சைக்கிள் ஊர்வலம்

"அக்கா, எங்க தெருவுலயும் சைக்கிள் ரைடு நடத்தணும். பனியன் எங்க அடிச்சீங்க?"

மாதத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் இன்றுவரை பனியன் அடிக்கவில்லை. அடித்தால் என்ன நிறம் என்று ஒரு பஞ்சாயத்து வரும். எங்கள் பக்கம் எந்த நிறத்தைத் தொட்டாலும் அது ஏதோ ஒரு கட்சிக்குச் சொந்தம்.

வட சென்னை தண்டையார்பேட்டையில் அப்பா வைத்த சைக்கிள் கடை இது. வாடகை சைக்கிள் காலத்தில் வாசலில் பதினெட்டு வண்டி நிற்கும், ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளை பெயின்டில் நம்பர். இப்போது வாடகை கிடையாது, ரிப்பேர் மட்டும்தான். கடை என் கைக்கு வந்த பிறகு, மாதத்தின் கடைசி ஞாயிறு ஒரு சவாரி என்று வைத்தேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

வட சென்னையில் சைக்கிள் ஓட்டுங்கள் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மீன் கூடை, தண்ணி கேன், பால் பாக்கெட் என்று விடியற்காலை நாலரைக்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடாத வண்டிகள் மாடிப்படிக்கு அடியில் காற்று இறங்கிக் கிடக்கின்றன. அதனால் உங்கள் முதல் கூட்டம் சவாரி வேண்டாம். ஓவராயில் நாளாக, அதாவது ரிப்பேர் பார்க்கிற நாளாக இருக்கட்டும். ஒரு ஞாயிறு காலை, தெருமுனையில் இரண்டு பக்கெட் தண்ணீர், ஒரு பம்ப், ஸ்பேனர் செட், நாலைந்து டியூப் சொல்யூஷன். "வீட்டில் கிடக்கிற சைக்கிளைக் கொண்டு வாங்க, கூலி கிடையாது, சாமான் விலை மட்டும்" என்று முந்தின நாள் வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.

வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியாக இருக்கும். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆனது. பன்னிரண்டு முடிந்ததும் வண்டி படிக்கு அடியில் போய்விடும். "ட்யூப் போச்சுக்கா, புதுசு போடணும்" என்பார்கள். முக்கால்வாசி நேரம் ட்யூப் நன்றாகவே இருக்கும். போனது வால்டியூப். காற்று ஏற்றுகிற இடத்தில் உள்ளே ஒரு ரப்பர் குழல் இருக்குமே, அதுதான். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஒரு டீ விலைகூட ஆகாது.

நிஜமாகவே பஞ்சர் என்றால் பிள்ளைகளையே ஒட்டவிடுங்கள். ட்யூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தில் பேனாவால் குறி. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் எல்லாரும் தோற்பார்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்து அழுத்திவிட்டு, மறுநாள் "அக்கா, உங்க சொல்யூஷன் சரியில்லை" என்று வந்து நிற்பார்கள். விரல் வைத்தால் ஈரமாக ஒட்டிக்கொண்டு வராமல், லேசாகப் பிடித்து உடனே விட வேண்டும். அதுதான் பதம். அப்பா அந்த நேரத்தில் ஒரு பீடி பிடிப்பார். நான் செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். கடல் காற்று படுகிற வீடுகளில் செயின் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண்ணை இழுத்து அப்பிக்கொள்ளும். மெஷின் ஆயில் இரண்டு சொட்டு, மேலே துணியால் துடைத்துவிட வேண்டும்.

இப்படி இரண்டு ஞாயிறு போனால் இருபது வண்டி தேறும். அப்புறம் பாதை.

நாங்கள் முதல் சவாரியை ஞாயிறு காலை ஏழரைக்குக் காசிமேடு வழியாக வைத்தோம். அதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க ஊரே அங்கேதான் நிற்கும். ஆட்டோவுக்கும் ஐஸ் வண்டிக்கும் நடுவில் எங்கள் கூட்டம் மூன்று துண்டாகப் பிரிந்தது. ஒரு பையனின் பேன்ட் செயினில் மாட்டிக் கிழிந்தது. கடைசியில் பாதிப் பேர் இறால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். காசிமேடு போகத்தான் வேண்டுமென்றால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கூட்டம் கொஞ்சம் குறையும். மற்ற மாதங்களில் ஒதுங்கிப் போவது நல்லது.

இப்போது எங்கள் பாதை தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி. போக வரப் பத்து கிலோமீட்டருக்குள் அடங்கும். காலடிப்பேட்டையில் ஒரு நிமிடம் நிறுத்தி அந்தப் பேர் வந்த கதையைச் சொல்வேன். பதினெட்டாம் நூற்றாண்டில் கவர்னர் காலட் நெசவாளிகளைக் குடியமர்த்திய காலட்பேட்டைதான் பேச்சில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அடுத்த மாதம் ராயபுரம் ஸ்டேஷன் பக்கம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு போனது. ஓரிடத்தில் நின்று பேச ஏதாவது இருந்தால் பின்னால் வருகிறவர்கள் வந்து சேர்ந்துகொள்ள நேரம் கிடைக்கும், நான் கதை சொல்வதற்கு அதுதான் காரணம். விடிந்ததும் கிளம்புங்கள். ஜூனில் என்றால் ஐந்தே முக்கால், ஜனவரியில் ஆறரை.

இனி லாரி. இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள்.

ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் இல்லாத வட சென்னை கிடையாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் எந்தப் பாதையில் போனாலும் ஓரிடத்தில் லாரி குறுக்கே வரும். கடைக்குப் பக்கத்து டீக்கடையில் தினமும் டீ குடிக்கிற ட்ரெய்லர் டிரைவர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டு, ஒரு மதியம் யார்டில் நின்றிருந்த நாற்பது அடி வண்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏற்றினார். நான் என் சைக்கிளோடு க்ளீனர் பக்கம், அதாவது இடது பக்கம், கேபினை ஒட்டி நின்றேன். "அக்கா எங்கடா?" என்று கேட்டார். மேலே உட்கார்ந்திருந்த பையன் எட்டி எட்டிப் பார்த்தான். "அக்கா போய்ட்டாங்கண்ணா." நான் அவனுக்கு ஐந்தடி கீழே நின்றுகொண்டு மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சாக்பீஸை எடுத்து, வண்டி இடது பக்கம் திரும்பினால் முன் சக்கரம் எந்த வழி, பின் சக்கரம் எந்த வழி என்று தரையில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். முன் சக்கரம் அகலமாக வட்டம் அடிக்கும், பின் சக்கரம் உள்ளே அறுத்துக்கொண்டு போகும். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் சைக்கிள்காரன் சிக்னலில் போய் நிற்கிற இடம். "கண்ணாடில என் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாதான் நீ எனக்குத் தெரிவ. தெரியலையா, பின்னாடியே நில்லு, தங்கம்" என்றார். நான் பத்து சவாரியில் கத்திக் கத்திச் சொன்னதைவிட அந்த அரை மணி நேரம் வேலை செய்தது. உங்கள் தெருவிலும் ஒரு லாரி டிரைவர் இருப்பார். கேளுங்கள்.

சவாரியில் முன்னால் பாதை தெரிந்த ஒருவர், கடைசியில் பம்ப்பும் பொறுமையும் உள்ள ஒருவர், பிள்ளைகள் நடுவில், ஒற்றை வரிசை. மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் எல்லாருடைய வேகம். டிரைசைக்கிளில் வருகிற தாத்தாவுக்காக நின்றால் மானம் ஒன்றும் போய்விடாது. அடிபட்டால் 108. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இதை வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் செலவுக்குப் பயந்து தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

பேனர், மைக், கொடி என்று வந்தால் அது ஊர்வலம். 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி போலீஸ் அனுமதி வேண்டும், குறைந்தது 5 நாள் முன்னால் மனு. தேதி, நேரம், பாதை, எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர், இவ்வளவு போதும். நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். நான் போன ஸ்டேஷனில் முதல் கேள்வி "எந்தக் கட்சி?" என்பது. "பஞ்சர் கடை சார்" என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

சவாரி மட்டும் நடத்திக்கொண்டிருந்தால் ரோடு மாறாது, கேட்க வேண்டும். ஆனால் "சைக்கிள் பாதை வேண்டும்" என்று கேட்காதீர்கள். அந்த மனுவுக்கு யாரும் முடியாது என்றும் சொல்ல மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் அதற்கே என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதை மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள். ஆனால் கேட்பது சின்னதாக, அளந்ததாக இருக்கட்டும்.

எங்கள் விஷயம் மழைநீர் வடிகாலின் கம்பி மூடி. கம்பிகள் குறுக்கே இருக்க வேண்டியது, ரோடு போகிற திசையிலேயே நீளவாக்கில் கிடந்தன. நம் பழைய 28 அங்குல வண்டியின் டயர் ஒன்றரை அங்குல அகலம்தான், அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஒரு மீன்கார ஆயா அங்கே விழுந்து, கூடை மீன் முழுக்கச் சாக்கடையில் போனது. நானும் இரண்டு பிள்ளைகளும் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அந்த முனையில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டோம். பெண்களுக்குத் தனிப் பக்கம், சுமை ஏற்றியதற்குத் தனிப் பக்கம். கம்பி இடைவெளியில் டேப்பையும் டயரையும் வைத்து போட்டோ எடுத்தோம். மாநகராட்சியின் 1913 போன் நம்பருக்குப் புகார், புகார் எண்ணைக் குறித்து வைத்தோம். வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் ஒரே மனு, நோட்டுப் பக்கத்தின் நகலோடு. ஒரு அலுவலகத்தில் மனு காணாமல் போனது. மறுபடி கொடுத்தோம். பதில் இல்லை. பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "எங்கள் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது?" என்று கேட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

பதில் வருவதற்கு முன்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூடியைத் தூக்கி, குறுக்கே திருப்பிப் போட்டு, பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அந்த ஒன்றை மட்டும். அதே ரோட்டில் இன்னும் மூன்று அப்படியே கிடக்கின்றன. இந்தச் சனிக்கிழமை டேப்போடு போகிறோம், நோட்டு பிடிக்க ஒரு ஆள் குறைகிறது.