அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கைப்பந்து: விதிகளிலும் புள்ளிக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்நிலைப் பள்ளிக் கைப்பந்தில் அதிகம் தடுமாறுகிறவர்கள் விளையாட்டே தெரியாதவர்கள் அல்லர்; வேறொரு மட்டத்து விதிநூலை நன்றாகத் தெரிந்தவர்களே. அமெரிக்காவில் ஒரே மாணவி பள்ளி அணிக்கு ஒரு விதிநூலின்படியும், பள்ளிப் பருவம் முடிந்ததும் கிளப் அணிக்கு யுஎஸ்ஏ வாலிபால் அமைப்பின் விதிகளின்படியும் ஆடுகிறாள். தொலைக்காட்சியில் அவள் பார்க்கும் கல்லூரி ஆட்டம் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏயின் விதிகளிலும், ஒலிம்பிக் ஆட்டம் உலகக் கைப்பந்துக் கூட்டமைப்பான எஃப்ஐவிபியின் விதிகளிலும் நடக்கிறது. பள்ளி ஆட்டங்களுக்கான விதிநூலை இண்டியானாபொலிஸ் நகரில் இயங்கும் மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, அதாவது என்எஃப்எச்எஸ், வெளியிடுகிறது. அதை ஏற்றுக்கொள்வதும் சில இடங்களில் மாற்றிக்கொள்வதும் அந்தந்த மாநிலச் சங்கத்தின் உரிமை. எனவே ஒரு விதியைப் பற்றிப் பேசுமுன் அது எந்த நூலில் உள்ளது, தம் மாநிலம் அதை அப்படியே ஏற்றிருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்றவற்றுள் பல இதன் கிளைகளே.

புள்ளிக் கணக்கில் பழைய நினைவு இன்னும் விடைபெறவில்லை. சர்வீஸ் போடும் அணி மட்டுமே புள்ளி பெற முடியும், 15 புள்ளிக்கு ஆட்டம் என்ற முறையில் பழகிய பெற்றோரும் பயிற்சியாளரும் இன்றும் உண்டு. 1998-இல் உலகக் கூட்டமைப்பு ஒவ்வொரு ரேலிக்கும் (சர்வீஸ் முதல் பந்து ஆட்டத்தை விட்டு நீங்கும்வரை) ஒரு புள்ளி என்ற முறைக்கு மாற முடிவெடுத்தது. அமெரிக்கப் பள்ளி ஆட்டமும் 2000-களின் தொடக்க ஆண்டுகளில் அதே வழிக்கு வந்தது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ரேலியை வென்ற அணிக்கே புள்ளி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் ஆலோசனை சொல்லும்போது பழைய கணக்கே நாக்கில் வந்துவிடுகிறது. பழைய முறையில் சர்வீஸ் வலையில் மாட்டினால் சர்வீஸ் உரிமை மட்டும் கைமாறும். எதிரணிக்குப் புள்ளி ஏறாது. இன்று அதே பிழை புள்ளியையும் சர்வீஸையும் சேர்த்தே எதிரணிக்குக் கொடுக்கிறது. ஆகவே 23-23 என்ற நிலையில் நிற்கும் சிறுமியிடம் "இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஓங்கி அடி" என்று கத்துவது கணக்குப்படி தவறான அறிவுரை. வலிமையான சர்வீஸ் தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். அதற்குரிய விலையைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

25 என்பது முடிவுப் புள்ளி என்று எண்ணுவது அடுத்த தவறு. 25 புள்ளிகளை எட்டுவதோடு இரண்டு புள்ளி வித்தியாசமும் இருந்தால்தான் செட் முடியும்; 24-24 ஆனால் 26-24, 27-25, 31-29 என்று எதுவரையும் நீளலாம், விதிநூலில் உச்சவரம்பு இல்லை. ஐந்து செட்டில் மூன்றை வெல்லும் முறையில் ஐந்தாவது செட் மட்டும் 15 புள்ளிக்கு. அங்கும் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். இதைத் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் இளநிலை அணிகளின் ஆட்டமும் வார இறுதிப் போட்டிகளும். அங்கே மூன்று செட்டில் இரண்டை வெல்லும் முறை பரவலாக உள்ளது. அப்போது மூன்றாவது செட் 15-ஆ, 25-ஆ என்பதை அந்த மாநிலத்தின் அறிவிப்பைப் பார்த்தே சொல்ல முடியும். குழுச் சுற்றுகளில் இரண்டே செட்டுகள் ஆடுவது, நேரம் கருதி ஓர் உச்சப் புள்ளி வைப்பது போன்ற ஏற்பாடுகளைப் போட்டி நடத்துபவர் செய்திருக்கலாம். இவை போட்டியின் ஏற்பாடுகளே தவிர விளையாட்டின் பொதுவிதிகள் அல்ல. சனிக்கிழமை கண்டதைச் செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டத்தில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

மாற்று ஆட்டக்காரர் கணக்குதான் என் பார்வையில் மிகுதியான குழப்பம் நிறைந்த பகுதி. செட்டின் முடிவையே இது மாற்றிவிடக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒரு செட்டுக்கு எஃப்ஐவிபி 6 மாற்றங்களையும், யுஎஸ்ஏ வாலிபால் 12-ஐயும், கல்லூரிப் பெண்கள் ஆட்டம் 15-ஐயும் அனுமதிக்கின்றன. பள்ளி விதிநூல் 18-ஐ அனுமதிக்கிறது. பதினெட்டு என்றதும் அது தீரவே தீராது என்று பல பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள். இரண்டு செட்டர்களை (அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர்கள்) வைத்து, முன்வரிசைக்கு வரும் செட்டரை வெளியே எடுத்து அடிப்பவரை இறக்கும் அமைப்பை எண்ணிப் பாருங்கள். சர்வீஸ் உரிமையைப் பெறும்போதெல்லாம் அணியினர் ஆளுக்கோர் இடம் நகர்வதே சுழற்சி; ஒவ்வொரு மூன்று சுழற்சிக்கும் இருவர் மாறுகிறார்கள். ஆறு நிலைகளையும் ஒரு முறை சுற்றி முடிக்கும்போது 4 மாற்றங்கள் போய்விடும். இதோடு ஓர் அடிப்பவருக்குப் பின்வரிசையில் தற்காப்பு ஆட்டக்காரரை இறக்கி மீண்டும் எடுத்தால் இன்னும் 2. ஆக ஒரு முழுச் சுற்றுக்கு 6, மூன்று சுற்றில் 18. இரண்டாவது தற்காப்பு ஆட்டக்காரரும் சேர்ந்தால் சுற்றுக்கு 8. மூன்றாம் சுற்றின் தொடக்கத்திலேயே கையிருப்பு கரைந்துவிடும். நெருக்கமான செட்டில் 21-21 என்ற நிலையில் உயரம் குறைந்த செட்டர், எதிரணியின் அடியை வலையருகே எழும்பித் தடுக்கும் பிளாக் போட, முன்வரிசையில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரரான லிபரோவின் நுழைவும் வெளியேற்றமும் இந்த 18-இல் சேராது. அதை மாற்றமாக எண்ணுவது புதிதாக ஸ்கோர் மேசையில் உட்காருபவர்கள் செய்யும் பிழை. ஆனால் எண்ணிக்கை இல்லை என்பதற்காகக் கட்டுப்பாடே இல்லை என்றும் கொள்ளக் கூடாது: வெளியேறிய லிபரோ மீண்டும் உள்ளே வர இடையில் ஒரு ரேலி முடிந்திருக்க வேண்டும். சர்வதேச ஆட்டத்தில் லிபரோ சர்வீஸ் போட முடியாது. பள்ளி ஆட்டத்தில் போடலாம், ஆனால் ஒரு செட்டில் சர்வீஸ் வரிசையின் ஒரே ஓர் இடத்தில் மட்டும். வேறொருவரின் முறையிலும் அவரையே சர்வீஸுக்கு அனுப்பினால் அது முறையற்ற சர்வீஸ். ஸ்கோர் தாளில் லிபரோ சர்வீஸ் போட்ட இடத்தை முக்கோணமிட்டுக் காட்டுவது இதற்காகத்தான். அந்த முக்கோணத்தை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுபவர் பின்னால் எழும் தகராறுக்குச் சான்று இல்லாமல் நிற்பார்.

அண்மைக் கால மாற்றங்களில் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது, ஒரே ஆட்டக்காரர் பந்தை அடுத்தடுத்து இருமுறை தொடும் இரட்டைத் தொடுகை. செட்டரின் கையிலிருந்து பந்து சுழன்றுகொண்டு வெளியேறினால் அதை இரட்டைத் தொடுகையாகக் கொண்டு நடுவர் விசில் ஊதுவது நெடுங்கால வழக்கம். கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 2024 பருவம் முதல் இது தளர்த்தப்பட்டது. பள்ளி விதியும் பிறகு அதே திசையில் சென்றது. தளர்வின் எல்லை குறுகியது: அணியின் இரண்டாவது தொடுகையாக இருக்க வேண்டும், ஒரே முயற்சியில் நிகழ்ந்திருக்க வேண்டும், பந்து தன் அணியின் மற்றொருவருக்கே போக வேண்டும். அப்படித் தொட்ட பந்து வலையைத் தாண்டினால் அது பிழையே. பந்தைப் பிடித்து நிறுத்துவதற்கும், தூக்கிச் சுமப்பதற்கும் இந்தத் தளர்வில் இடமில்லை. "இனிமேல் டபுள் கிடையாது" என்று ஒரே வரியில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர், அவர்கள் அடுத்த ஆட்டத்தில் இழக்கும் புள்ளிகளுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

வலைத் தொடுகையில் இதற்கு நேர்மாறான குழப்பம் உண்டு. எஃப்ஐவிபி விதியில் பந்தை ஆடும் செயலின்போது வலையின் இரு ஓரங்களிலும் நிற்கும் குச்சிகளான ஆன்டெனாக்களுக்கு இடையே வலையைத் தொடுவதுதான் பிழை. பள்ளி விதி கண்டிப்பானது: பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை, ஆட்டக்காரர் வலையின் எந்தப் பகுதியைத் தொட்டாலும், அதன் கம்பிவடத்தைத் தொட்டாலும் பிழை. பந்து வலையை அவர்மீது தள்ளுவதும் தலைமுடி உரசுவதும் விதிவிலக்கு. கூரை விஷயத்திலோ பள்ளி விதி இளகியது. சர்வதேச ஆட்டத்தில் கூரையில் பட்ட பந்து அவுட். தாழ்ந்த கூரையுள்ள பள்ளி அரங்குகளில், தன் பக்கத்துக் கூரையில் பட்டுத் தன் பக்கமே விழும் பந்தைத் தொடுகைகள் மீதமிருந்தால் அந்த அணி தொடர்ந்து ஆடலாம். சர்வதேச விதியில் பழகியவர்கள் அங்கே அவசரப்பட்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பந்து தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எஃப்ஐவிபியின் 2025–2028 விதிநூல் சர்வீஸ் போடும் அணியின் இட வரிசைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பள்ளி அணியை இஷ்டம்போல் நிறுத்துவது ஆபத்தானது; தம் மாநிலத்தின் நடப்பு நூலில் அந்தத் தளர்வு எழுத்தில் இருந்தாலொழிய இரு அணிகளும் சுழற்சி வரிசையில் நிற்பதே பாதுகாப்பு. ஆண்டுதோறும் புதிய நூலோடு வரும் "வலியுறுத்தப்படும் அம்சங்கள்" என்ற பகுதியையும் புதிய விதிகள் என்று வாசிக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள விதியை அந்த ஆண்டு நடுவர்கள் கூடுதல் கவனத்தோடு அமல்படுத்துவார்கள் என்பதே அதன் செய்தி.

கால இடைவேளை செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 60 விநாடி. பயன்படுத்தாதது அடுத்த செட்டுக்குச் சேராது. விசில் ஒலித்த 5 விநாடிக்குள் சர்வீஸ் போட வேண்டும். சரியாக எழும்பாத பந்தை அடிக்காமல் கீழே விழவிட்டு மறுபடி போடும் சலுகையைப் பள்ளி விதிநூல் ஒரு சர்வீஸ் முறைக்கு ஒரு தடவை தந்துவந்திருக்கிறது. சர்வதேச ஆட்டத்தில் அது கிடையாது.

தவறைக் கண்டுபிடித்த பிறகு அதை எப்போது சொல்கிறோம் என்பதிலும் பலர் தவறுகிறார்கள். முறை தவறி ஒருவர் சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பது அவர் போடும்போதோ எதிரணியின் அடுத்த சர்வீஸுக்கு முன்போ தெரியவந்தால், அந்த முறையில் அவர் அணி பெற்ற புள்ளிகள் நீக்கப்படும். எதிரணி சர்வீஸ் போட்டுவிட்டால் அவை நிலைத்துவிடும். ஆகவே சந்தேகம் வந்த உடனேயே, பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில், அணித்தலைவியோ பயிற்சியாளரோ இரண்டாம் நடுவரிடம் சர்வீஸ் வரிசையைச் சரிபார்க்கக் கேட்க வேண்டும். பார்வையாளர் வரிசையிலிருந்து கூவுவதால் ஸ்கோர் எழுதுபவரின் கவனம் சிதறுவது ஒன்றுதான் நடக்கும்.