மண்சுவர்ப் பாசியை லென்ஸில் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்கள் பாசி பார்க்க பிரிஞ்சாங் உச்சிக் காட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே கூட்டம் அதிகம், எதையும் பறிக்கவும் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதே மலையில் உள்ள ரிங்லெட் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சாலைகளே போதும். சாலைக்காக வெட்டிய மண்சுவரில் வெயில் படாத, ஈரம் காயாத பக்கத்தைத் தேடுங்கள். நாம் பார்க்கப் போவது போகோனாட்டம் சிர்ராட்டம், தென்கிழக்காசிய மலைகளின் நிழல் மண்ணில் வளரும் பாசி.

வேண்டியவை: நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பழைய நாளிதழ், பென்சில். அட்டை ஏறும், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தோட்ட நிலம் என்றால் ஆபீசில் கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 1: லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். அப்புறம் தெளிவாகத் தெரியும்வரை தலையைப் பாசியிடம் கொண்டுபோங்கள்.

படி 2: நிமிர்ந்த தண்டு, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீண்ட கூரிய இலைகள், இலை ஓரத்தில் பற்கள். இப்படி இருந்தால் சரி. தட்டையாகக் கிளை பரப்பி, பெரிய இலையும் சிறிய இலையும் வரிசையாக இருந்தால் அது செலஜினெல்லா. பார்க்கப் பாசிபோல இருந்தாலும் பாசி இல்லை.

படி 3: காய்ந்த கொத்து ஒன்றைப் பாருங்கள். இலைகள் சுருண்டு முறுக்கிக் கிடக்கும். தண்ணீர் தெளித்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், இலைகள் விரிந்துகொள்ளும். எனக்கு இந்தப் பாசியில் பிடித்ததே இதுதான். காய்ந்ததையும் நனைந்ததையும் தனித்தனியாகப் படம் எடுங்கள், ஒன்று மட்டும் இருந்தால் அடையாளம் காண உதவாது.

படி 4: தண்டின் நுனியில் மெல்லிய காம்பும் அதன் மேல் வித்துப்பையும் (பாசி பரவ உதவும் நுண்தூள் உள்ள பை) இருக்கிறதா? இளம் பைமீது மயிர் அடர்ந்த தொப்பி இருக்கும். முற்றியதில் தொப்பியும் மூடியும் விழுந்த பிறகு, வாயைச் சுற்றி 32 குட்டிப் பற்களும் அவற்றை இணைக்கும் வெள்ளைச் சவ்வும் தெரியும். காற்றில் காம்பு ஆடும்போது மிளகுத்தூள் குப்பி போலப் பல் இடுக்குகள் வழியாக வித்துத்தூள் சிதறும். 10 மடங்கில் பற்களை எண்ணுவது கஷ்டம், பையின் வடிவமே போதும்: உருண்டு நீண்டிருந்தால் பெரும்பாலும் போகோனாட்டம், நான்கு முனை இருந்தால் அதன் உறவான பாலிட்ரிக்கம். பையே இல்லாத கொத்தும் உண்டு. இதில் ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு, ஆண் செடியின் நுனி சிறு பூப்போல விரிந்திருக்கும்.

‘சிர்ராட்டம்’ என்று உறுதியாக இனப்பெயர் சொல்ல, இலையைக் குறுக்கே அரிந்து, மேற்புறத்தில் வரிசையாக நிற்கும் பச்சைத் தகடுகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதுவரை ‘போகோனாட்டம்’ என்று மட்டும் எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

படி 5: அனுமதி இருந்தால் விரல் நுனியளவு கொத்து எடுத்து, நாளிதழை உறைபோல மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். உறைமேல் தேதி, இடம், உயரம், மண்ணா பாறையா என்பதை எழுதுங்கள். பென்சிலில்தான், மை நனைந்தால் கலைந்துவிடும். காய்ந்த கொத்தைப் பல வருடம் கழித்து நனைத்தாலும் இலை விரியும், நுண்ணோக்கி கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.