வேக்குவம் கிளீனர் தூசியை இழுக்கவில்லையா? காற்று போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

சேலத்து வீடுகளில் சேரும் தூசி ஊர் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி போன்ற தறி ஓடும் பகுதிகளில் பஞ்சும் நூல் துணுக்கும் சேர்கின்றன; மேக்னசைட் வெட்டியெடுக்கும் குன்றுகளை ஒட்டிய தெருக்களில் மாவு போன்ற வெண்தூள் படிகிறது; ஏற்காட்டிலோ தூசியோடு ஈரமும் கலந்துவிடுகிறது. இவை ஒவ்வொன்றும் வேக்குவம் கிளீனரை வெவ்வேறு இடத்தில் அடைக்கக்கூடியவை. ஆனால் இழுவை குறைந்ததுமே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, எந்திரத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுபவர்களே அதிகம். பெரும்பாலான சமயங்களில் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். காற்றுக்குத்தான் வழி இருக்காது.

எந்திரத்தின் உள்ளே வேகமாகச் சுழலும் விசிறி காற்றைப் பின்புறமாக வெளியே தள்ளுவதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப வெளிக்காற்று குழாய் வழியே பாய்ந்து வரும்போது தூசியையும் உடன் கொண்டுவருகிறது. பெரும்பாலான எந்திரங்களில் மோட்டாரைக் குளிர்விப்பதும் இதே காற்றுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படிகள் எளிதில் புரியும். எந்தப் பகுதியைத் திறப்பதற்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

படி 1: எந்திரம் ஓடவே இல்லை என்றால்

அதே பிளக் பாயிண்டில் வேறொரு சாதனத்தை மாட்டி, மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். 1400 வாட் எந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கிறது. சாதாரண சிறிய பிளக் பாயிண்டின் எல்லையும் அதுதான். ஆகவே மெல்லிய ஒயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவதைத் தவிருங்கள். பிளக்கின் பின்களோ பாக்ஸோ சூடேறிக் கருத்திருந்தால் கோளாறு அங்கேயே இருக்கிறது. சில மாடல்களில் மூடியோ தூசிப் பையோ சரியாகப் பொருந்தாவிட்டால் எந்திரம் கிளம்பாது.

சிறிது நேரம் ஓடிவிட்டுத் திடீரென நின்றுபோனதா? சூடு மிகுந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு பல எந்திரங்களில் உண்டு. பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் அது மீண்டும் ஓடும். ஓடிவிட்டதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். எங்கோ காற்று அடைபட்டதால்தான் மோட்டார் சூடேறியிருக்கிறது.

படி 2: ஓசையைக் கேளுங்கள், உள்ளங்கையை வையுங்கள்

காற்று அடைபட்டால் மோட்டார் திணறி மெதுவாகச் சுழலும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. தள்ளுவதற்குக் காற்று குறைந்ததும் விசிறியின் சுமை குறைந்து, அது இன்னும் வேகமாகச் சுழலும். ஓசையும் கீச்சென்று உயரும். ஆகவே கீச்சொலி அடைப்பைக் காட்டுகிறது. மந்தமான, தாழ்ந்த ஒலி குறைந்த மின்னழுத்தத்தையோ மோட்டார் கோளாற்றையோ காட்டுகிறது.

அடுத்து, குழாயை எந்திரத்திலிருந்து பிரித்துவிட்டு, எந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்து ஓடவிடுங்கள். கையை வலுவாகப் பற்றி இழுத்தால் அடைப்பு குழாயிலோ பிரஷிலோ இருக்கிறது. இங்கேயும் இழுவை இல்லையென்றால் பையையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுவே அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், சேலத்தில் ஓடிய அதே எந்திரம் அங்கே சற்றுக் குறைவாகவே இழுக்கும். அது பழுதன்று.

படி 3: பையும் ஃபில்டரும்

பை பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று ஏமாந்துவிட வேண்டாம். மேக்னசைட் தூள், பட்டி பார்த்த சுவரைத் தேய்த்த மாவு, கோலமாவு போன்ற நுண்தூள்கள் பை நிரம்புவதற்கு முன்பே அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். ஃபில்டரைத் திறந்த வெளியில், காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று, மென்மையாகத் தட்டுங்கள். கழுவலாம் என்று கையேட்டில் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே கழுவுங்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைப் பிரஷால் தேய்த்தால் அதன் இழைகள் கிழிந்து, தூசி தடையின்றி அதைத் தாண்டிப் போகும்.

கழுவிய ஃபில்டர் முழுமையாகக் காய வேண்டும். சேலத்து வெயில் காலத்திலும் நிழலில் ஒரு நாள் முழுக்க விடுவது நல்லது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் அது இரண்டு நாளானாலும் காயாது. மேற்புறம் உலர்ந்திருக்க, மடிப்புகளின் அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் படியும் தூசி சேறாகி இறுகிவிடும், பூஞ்சை வாடையும் வரும். மலையில் வசிப்பவர்கள் உபரியாக ஒரு ஃபில்டர் வாங்கி வைத்துக்கொள்வதே சரி.

படி 4: குழாய்

குழாயை நேராகத் தொங்கவிட்டு, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை மேலிருந்து போடுங்கள். கீழே வந்து விழாவிட்டால் அடைப்பு உறுதி. கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழியும். எந்திரத்தில் ஊதும் வாய் இருந்தால் குழாயை அதில் மாட்டி, திறந்த வெளியில் ஊதித் தள்ளலாம். குழாயின் நுனியைக் கையால் அடைத்து ஓடவிடும்போது நடுவில் ‘உஸ்’ என்று கேட்டால் அங்கே விரிசல் இருக்கிறது. புதுக்குழாய் வாங்கும்வரை இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்கலாம்.

படி 5: சுழலும் பிரஷ்

தறி வீடுகளில் இதுதான் முதலில் பழுதாகும். பிரஷைத் திருப்பிப் பார்த்தால் தலைமுடி, பட்டு நூல், ஜரிகை எல்லாம் உருளையில் இறுகச் சுற்றி, இரண்டு முனைகளிலும் உள்ள பேரிங்குக்குள் ஏறியிருக்கும். தையல் பிரிக்கும் ஊசியை உருளையின் நீளவாக்கில் ஓட்டி நூலை அறுத்து, பிறகு துண்டு துண்டாக உருவுங்கள். ஜரிகை விரலைக் கீறும் என்பதால் அதற்கு இடுக்கி நல்லது. பேரிங் முனைகளைக் கட்டாயம் பாருங்கள். நடுவில் மட்டும் நூலை நீக்கினால் பிரஷ் சில நாட்களில் மீண்டும் நின்றுவிடும். சுத்தமான பிறகும் சுழலவில்லை என்றால், பெல்ட் கொண்ட மாடல்களில் அது அறுந்திருக்கலாம்.

படி 6: தண்ணீரும் இழுக்கும் எந்திரம்

இவற்றில் தொட்டி நிரம்பியதும் மேலெழுந்து காற்றை அடைக்கும் ஒரு மிதவை உண்டு. தொட்டி காலியான பின்னும் அது அழுக்கில் ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டால் இழுவை அறவே இருக்காது. துடைத்து, விரலால் ஏற்றி இறக்கிப் பார்த்தாலே போதும்.

படி 7: தீய்ந்த வாடை வந்தால்

வழி முழுவதும் திறந்திருந்தும் மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலோ, காற்றுத் துளைகளின் வழியே பெரிய தீப்பொறி தெரிந்தாலோ, தீய்ந்த வாடை அடித்தாலோ உடனே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் சிறு கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றும் செலவு புது எந்திரத்தின் விலையோடு ஒப்பிட மிகச் சிறியது. தறி மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைகள் உள்ள ஊர் இது. அங்கே எடுத்துச் சென்று, முதலில் கார்பன் பிரஷைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பிரஷ் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அது உட்காரும் கூட்டையும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.