பழைய காரின் பெட்ரோல் டேங்க்கை மாற்றும்போது

பழைய மாருதி 800-இல் டேங்க் துருப்பிடித்து ஒழுகினால் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். மூடிய ஷெட் வேண்டாம், திறந்த வெளிதான் சரி.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை முழுக்க வடியுங்கள். 10 லிட்டரே ஏழு கிலோவுக்கு மேல் வரும். காரைத் தூக்கி, அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்தி, ஜாக்கின்மேல் பலகை வைத்து டேங்க்கைத் தாங்கியபிறகே போல்ட்டில் கை வையுங்கள்.

இறுகிப்போன ரப்பர் ஹோஸோடு மல்லுக்கட்டினால் இரும்புக் குழாய் வளைந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். எப்படியும் புது ஹோஸ், புது கிளிப்தானே போடப் போகிறோம். டேங்க்கில் பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை யூனிட்டின் வாஷரையும் மாற்றிவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கசிவு இல்லையென்று பார்த்தபின் பேட்டரியை இணையுங்கள்.

பழைய டேங்க்கையே வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலி டேங்க்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும்.