மலையகத்தில் மீன் வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கிறோம்?

நோர்வே, கனடா என்று இருந்துவிட்டு இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் குடிவருகிறவர்கள் மீன்கடையில் முதலில் கேட்பது, "இது கடலில் பிடித்ததா, வளர்த்ததா?" என்றுதான். அங்கே அது நியாயமான கேள்வி. கடைகளில் கிடைக்கும் அட்லாண்டிக் சால்மன் ஏறக்குறைய எல்லாமே கூண்டில் வளர்த்தது. அலாஸ்காவில் 1990இல் வணிக மீன்வளர்ப்பையே தடைசெய்துவிட்டார்கள். அங்கிருந்து வரும் சால்மன் கூண்டில் வளர்த்ததல்ல என்பதால் விலை கூட.

இங்கே அந்தக் கணக்கு உதவாது. கெலவல்லா, பலயா (இரண்டும் சூரை, அதாவது டூனா வகை), தோரா (தமிழ்நாட்டு வஞ்சிரம்) எல்லாம் கடலில் பிடித்தவைதான், அதற்கென்று யாரும் தனி விலை வைப்பதில்லை. மலையில் நீங்கள் கொடுக்கும் காசு ஐஸுக்கும் பாதைக்கும் சேர்த்துத்தான். மேற்கே நீர்கொழும்பிலோ கிழக்கே திருகோணமலையிலோ இறக்கிய மீன் லொறியில் மலையேற வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அப்போது கிழக்கு மீனைக் கேளுங்கள்.

கெலவல்லா, பலயா வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள். ஐஸ் குறைந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது; சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை இடிக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாலையில் மிஞ்சிய துண்டை வாங்காதீர்கள். ஐஸுக்குள் புதைத்து வைத்திருக்கும் கடைக்குக் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. இதே கெலவல்லாதான் விமானத்தில் ஜப்பானுக்குப் போய் பச்சையாகவே உண்ணப்படுகிறது. குளிர் விடாமல் கொண்டுபோவதால்தான் அங்கே அந்த மதிப்பு.

அப்புறம் திலாப்பியா. வெளிநாட்டில் பண்ணை மீன் என்று ஒதுக்கியிருப்பீர்கள். இங்கே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். கடல் மீனைவிட மலிவு, காலையில் பிடித்தது மத்தியானம் சட்டிக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் மலையகத்தில் கொடுக்கிற காசுக்கு மிகப் பெறுமதியான மீன் இதுதான். புளி கொஞ்சம் தூக்கலாக விட்டுக் குழம்பு வையுங்கள், சேற்று வாடை அடங்கிவிடும்.

ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட் உண்டு, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது. ஆனால் அந்தச் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா, தூண்டிலோடு போய்விடாதீர்கள்.

பல தேயிலைத் தோட்டங்களில் 10ஆம் தேதி சம்பளம். அன்று சந்தையில் கூட்டம் அள்ளும், நின்று செவுளைப் பார்த்து வாங்க நேரமிருக்காது. முடிந்தால் வேறொரு நாள் காலையில் போங்கள்.