முதியோர் இல்லத்தில் இருப்பவருக்காகப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

முதியோர் இல்லத்திலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ இருக்கும் ஒருவருக்காக நிர்வாகத்திடம் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் போகிறார்கள். முதல் தவறும் அந்த நல்லெண்ணத்திலிருந்தே பிறக்கிறது. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மகன் கால்மாட்டில் நின்றுகொண்டு செவிலியரிடம், "இவங்க சரியாச் சாப்பிடறாங்களா? ராத்திரி தூங்கறாங்களா?" என்று விசாரிப்பார். செவிலியரும் மகனைப் பார்த்தே பதில் சொல்வார். அம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போர்வையின் ஓரத்தை மடிக்கத் தொடங்குவார். அந்தக் கேள்விகளை அவரிடமே கேட்டிருந்தால், சாப்பாடு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதும், விடியுமுன் எழுப்பிக் குளிப்பாட்டுவதுதான் அவரை வாட்டுகிறது என்பதும் தெரிந்திருக்கும். மகனோ சாப்பாட்டைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு வீடு திரும்புகிறார்.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1991-இல் ஏற்றுக்கொண்ட முதியோருக்கான கோட்பாடுகள், பராமரிப்பு இல்லத்தில் வசிப்பவரின் கண்ணியம், நம்பிக்கை, தேவை, அந்தரங்கம் ஆகியவை முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்பதோடு, தமது பராமரிப்பைக் குறித்தும் வாழ்க்கைத் தரத்தைக் குறித்தும் முடிவெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு என்றும் கூறுகின்றன. நாம் அங்கே போவது அவருடைய குரலை உரக்க ஒலிக்கச் செய்வதற்காக. நம்முடைய கவலையை அவர் பெயரில் பேசுவது வேறு காரியம்.

"அம்மாவுக்குத்தான் ஞாபக மறதியாயிற்றே, அவரிடம் என்ன கேட்பது?" என்பார்கள். முடிவெடுக்கும் திறன் ஒரேயடியாக வருவதும் இல்லை, போவதும் இல்லை. வங்கிக் கணக்கைப் பற்றி முடிவு செய்ய இயலாத ஒருவரால், தன்னைக் குளிப்பாட்ட வேண்டியது ஆணா பெண்ணா என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். காலையில் தெளிவாகப் பேசுகிறவர் மாலையில் தடுமாறலாம். காது கேட்கும் கருவியின் பேட்டரி தீர்ந்துபோனதையே அறிவு மங்கிவிட்டதாகக் கணக்கில் எழுதிவிடுவதும் உண்டு. ஆகவே அமைதியான வேளை பார்த்து, எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும். வாய்ச்சொல் இல்லாதவரிடமும், யார் தொட்டால் உடம்பை இறுக்கிக்கொள்கிறார், யார் வந்தால் முகம் மலர்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு பதில் கிடைக்கும்.

அடுத்த தவறு, குறையை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வருவது. "கவனிப்பு சரியில்லை" என்று சொன்னால் "பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில் வரும். அந்த உரையாடல் நடந்ததற்கே சுவடு இருக்காது. "செவ்வாய்க்கிழமை இரவு 10.10-க்கு அழைப்பு மணி அடித்தார், 10.50 வரை யாரும் வரவில்லை, படுக்கை நனைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கினால், அதைத் தட்டிக் கழிப்பது எளிதன்று. உடல் எடை இதற்கு நல்ல உதாரணம். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அதைக் கவலைக்குரிய இழப்பாகக் கொள்வது பராமரிப்புத் துறையின் வழக்கம். "இளைத்துப் போய்விட்டார்" என்று முறையிடுவதை விட, 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 ஆகிவிட்டார் என்று எடைப் பதிவேட்டை வைத்துக் கேட்பது வலுவானது.

அந்த நாற்பது நிமிடத் தாமதத்துக்காக, கடைசியில் ஓடி வந்த உதவியாளரைத் திட்டுவதும் வழக்கமாக நடப்பதுதான். அன்றிரவு அந்தத் தளத்தில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் இருந்தார்கள் என்று கேட்டால் விடை வேறு இடத்தில் இருக்கும். பணியாளர் அட்டவணையைப் போடுவது உதவியாளர் அல்லர். அடித்தல், இழிவாகப் பேசுதல், பணத்தை எடுத்தல் போன்றவை வேறு வகை. அவற்றைத் தனிநபர் மீதான புகாராகவே உடனே எழுத வேண்டும், இல்லத்துக்கு வெளியே உள்ள அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். மற்றபடி, உதவியாளரைப் பகைத்துக்கொள்கிறவர், நடப்பதை நேரில் பார்க்கும் ஒரே சாட்சியை இழந்துவிடுகிறார்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, "பாதுகாப்புக்காகத்தான்" என்ற சொல்லைக் கேட்டதும் அடங்கிப்போவது. நாற்காலியில் இடுப்பைச் சேர்த்துக் கட்டுவது, கட்டிலின் இரு பக்கமும் கம்பிகளை உயர்த்திவிடுவது, சக்கர நாற்காலியை எழ முடியாதபடி மேசையோடு நெருக்கி நிறுத்துவது ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரே காரணம் சொல்லப்படும். கம்பியைத் தாண்டி இறங்க முயல்கிறவர் வெறும் கட்டிலிலிருந்து விழுவதை விட அதிக உயரத்திலிருந்து விழுகிறார். மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. கட்டிவைக்கப்பட்டவருக்குத் தசை வலுவிழக்கிறது, படுக்கைப் புண் வருகிறது, அவிழ்த்துவிட்டால் முன்னிலும் எளிதாக விழுகிறார். மருந்தாலும் கட்டிப்போடுவதுண்டு. மறதிநோய் உள்ள முதியவர்களுக்குச் சிலவகை மனநோய் மருந்துகளைக் கொடுப்பது மரண அபாயத்தை அதிகரிக்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது. 2008-இல் அதே வகையின் பழைய மருந்துகளுக்கும் எச்சரிக்கையை விரிவாக்கியது. அந்நாட்டின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், தண்டனைக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ ஒருவரைக் கயிற்றாலோ மருந்தாலோ கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. எந்த நாட்டு இல்லமானாலும் கேட்க வேண்டியவை இவை: எந்த நோய்க்குறிக்காக இது, யார் எழுதிக் கொடுத்தது, இவரிடம் ஒப்புதல் கேட்டீர்களா, வேறு எதை முயன்று பார்த்தீர்கள், எந்தத் தேதியில் மறுபரிசீலனை? இரவில் எழுந்து நடக்கிறார் என்பதற்குக் கழிப்பறை போக வேண்டும் என்பதே காரணமாக இருக்கும்போது, மாத்திரையை விடத் துணைக்கு ஓர் ஆள் போதும்.

சேர்க்கும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டைப் படிக்காமல் கையெழுத்திடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் போடும் கையெழுத்து, கட்டண பாக்கியை உங்கள் தலையில் ஏற்றுகிறதா என்பதையும், எந்தக் காரணங்களுக்காக, எத்தனை நாள் அவகாசம் கொடுத்து அவரை வெளியேற்றலாம் என்பதையும் அன்றைக்கே படித்துவிடுங்கள்.

தனியாகவே போராடுவது இன்னொரு தவறு. ஒரே தளத்தில் ஐந்து குடும்பங்கள் ஐந்து நாட்களில் தனித்தனியே சொல்லும் குறை, ஐந்து 'சிடுமூஞ்சி உறவினர்கள்' என்றே முடிந்துவிடும். வசிப்பவர்களின் மன்றம் ஒரே கடிதமாகக் கொடுத்தால் கூட்டக் குறிப்பில் ஏறும். இதற்கு நேர்மாறாக, கோபத்தில் அவருடைய புண்ணையும் நனைந்த படுக்கையையும் படமெடுத்து சமூக வலைத்தளத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சான்றுக்காக அவர் சம்மதத்தோடு படமெடுப்பது நியாயம். ஊருக்கெல்லாம் காட்டுவது, இல்லம் பறித்த அந்தரங்கத்தில் மிச்சமிருந்ததையும் நாம் பறிப்பதாகும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு புகார்க் கடிதத்தோடு போய் நிற்கும்போது, "வேண்டாம், விட்டுடு. நீ போன பிறகு இவங்களோடதான் நான் இருக்கணும்" என்று அவர் சொல்லக்கூடும். அதை மீறிக் கடிதத்தைக் கொடுப்பதும் தவறு. நடப்பதற்கு அவர் சம்மதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு மறந்துவிடுவதும் தவறு. எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெயரை வெளியிடாமல் விசாரிக்கும் வெளி அமைப்பு இருந்தால் அதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதற்கென உள்ள ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம், அவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர் யார் என்பதைத் தெரிவிக்கக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இல்லையென்றால் கடிதத்தை மடித்துப் பையில் வையுங்கள். அடுத்த வாரம் வேறொரு கிழமையில், வேறொரு நேரத்தில் போய், கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் அவரிடம் கேளுங்கள்.