சுவரைப் படமெடுங்கள், நிறம் தானாக அமையும்

சுவரோவியம் மாதிரி பளிச்சென்று உடுத்த, கடைக்குப் போகுமுன் ஒரு சுவரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஹாஜி லேனிலோ, தேக்கா பக்கம் பெலிலியஸ் லேனிலோ பிடித்த ஓவியத்தின் ஒரு மூலை போதும். முழுச் சுவரையும் எடுத்தால் நிறங்கள் கூடிப்போய்க் குழப்பும்.

அதிக இடம் பிடித்த நிறம் பாவாடைக்கோ காற்சட்டைக்கோ; அடுத்தது மேல்சட்டைக்கு; ஓரத்தில் தீற்றலாகத் தெரிவது வளையலுக்கு, காலுறைக்கு, ஷூ லேசுக்கு.

எந்த நிறம் எவ்வளவு வரலாம் என்பதை ஓவியர் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார். நாம் அந்த அளவைக் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான். பல சுவரோவியங்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும், கவனித்திருப்பீர்கள். உடையில் அந்த வேலையைக் கறுப்பு பெல்ட் செய்யும். வீட்டில் இருக்கும் பழையதே போதும், புதிது வாங்காதீர்கள்.

இரவில் தெருவிளக்கில் எடுத்த படம் உதவாது, நிறங்கள் மாறித் தெரியும். ஃபில்டர் போட்டதும் அப்படியே. ஏற்கெனவே பூப்போட்ட துணி என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, அந்தப் பூவிலுள்ள ஒரு நிறத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.